விருந்துக்கு எந்த இசை? வாவிக்கரை சொல்லும் வரலாறு

விடுமுறைக்காக ஊர் திரும்பும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கின்றன. ஒரு காலத்தில் "பாதை திறந்திருக்கிறதா?" என்று கேட்டார்கள். பின்னர் "காணி விலை என்ன?" என்று கேட்டார்கள். அண்மைக் காலத்தில் வேறொரு கேள்வி வருகிறது. "அண்ணை, வாகரையில் கடற்கரையோரமாக ஒரு வீடு எடுத்திருக்கிறோம். பின்னேரம் பத்துப் பேர் வருவினம். கொக்ரெயில் வைக்கப் போறம். பின்னணியில் என்ன இசை போடலாம்? நீங்கள் பழைய ஆள், சொல்லுங்கோ."

இதை நான் சில்லறைக் கேள்வியாக எடுத்துக்கொள்வதில்லை. கிண்ணமும் பாட்டும் ஒரே கூரையின் கீழ் வரும்போது எது முன்னணி, எது பின்னணி என்பது ஒரு சமூகத்தின் வரலாற்றையே சொல்லிவிடும். அதிலும் வாகரையில் இருந்துகொண்டு இதைக் கேட்பதற்குத் தனிப் பொருள் உண்டு. மட்டக்களப்பு வாவியையும் அதன் வடக்கே விரியும் இந்தக் கரையையும் போல, விருந்தும் இசையும் கொண்ட உறவின் எல்லாப் படிகளையும் அடுத்தடுத்துக் காட்டக்கூடிய நிலம் இலங்கையில் வேறு உண்டா என்பது எனக்கு ஐயமே.

நான் சொல்ல விரும்புவது இதுதான். பின்னணி இசை என்பது பழைய பொருளன்று. அது இயந்திரத்தின் பிள்ளை. இயந்திரம் வரும்வரை விருந்தில் இசை இருந்ததென்றால், அந்த அறையில் ஓர் இசைக்காரர் இருந்தார் என்று பொருள். பின்னணி இசையின் வரலாறு, அந்த மனிதர் அறையை விட்டு வெளியேறிய வரலாறு.

பாடியவர் விருந்தாளி

தமிழின் மிகப் பழைய விருந்துக் காட்சிகளை எடுத்துக்கொள்வோம். சங்கச் செய்யுட்களில் கள்ளும் தேறலும் தாராளமாக ஓடுகின்றன. யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கலத்தில் ஏந்திப் பருகும் பாண்டியனைப் புறநானூறு காட்டுகிறது. அதே தொகுப்பில், அதியமான் இறந்தபோது ஒளவையார் பாடியதாக உள்ள கையறுநிலையில் ஒரு செய்தி இருக்கிறது. கள் குறைவாக இருந்த நாளில் அவன் அதைப் பாடுவோருக்கே கொடுத்துவிடுவான். நிறைய இருந்த நாளில் அவர்கள் பாட, தானும் உடனிருந்து மகிழ்வான். பாணனும் விறலியும் விருந்தின் ஓரத்தில் இருந்தவர்களல்லர். அவர்களுக்காகவே விருந்து நடந்தது. உணவும் கள்ளும் ஆடையும் பொன்னும் பெற்று அவர்கள் திரும்பினார்கள்.

ஐரோப்பாவில் விருந்து மேசைக்கென்றே இசை எழுதும் வழக்கம் இருந்தது உண்மை. ஜேர்மனிய இசையமைப்பாளர் டெலமன் 1733இல் 'மேசை இசை' என்ற பெயரிலேயே ஒரு பெருந்தொகுதியை வெளியிட்டார். ஆனால் அங்கும் வயலினும் குழலும் வாசித்தவர்கள் அதே மண்டபத்தில் இருந்தார்கள். கேட்பதும் கேளாதிருப்பதும் விருந்தாளியின் விருப்பம். வாசிப்பவரின் வியர்வை மட்டும் அவர் கண்முன்னே இருந்தது.

வாகரையின் மேளம்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே திருகோணமலையை நோக்கிச் செல்லும் கரையோரச் சாலையில், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக நீளும் நிலம் வாகரை. நிர்வாகப் பெயர் கோறளைப்பற்று வடக்கு. பனிச்சங்கேணி, கதிரவெளி, பால்சேனை என்று ஊர்கள் தொடர்ந்து, வெருகல் ஆற்றை அணுகும் இடத்தில் எல்லை வருகிறது. இங்கே கரையோர வேடர் எனப்படும் மக்கள் வாழ்கின்றனர். தமிழ் பேசுபவர்கள், மீன்பிடியும் சேனைப் பயிரும் அவர்களுடைய தொழில். மானிடவியல் அறிஞர்களான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் இவர்களுக்கென ஓர் அத்தியாயம் ஒதுக்கினர்.

இவர்களது சடங்குகளில் மேளம் உண்டு, பாட்டு உண்டு, உருவேறி ஆடுதல் உண்டு. மேளத்தின் வேலை தெய்வத்தை அழைப்பது. அது ஒலிக்கும்போது பக்கத்தில் நின்று நெல் விலையைப் பேசிக்கொண்டிருக்க முடியாது. மட்டக்களப்பின் கூத்துக்கும் இது பொருந்தும். வடமோடியோ தென்மோடியோ, அண்ணாவியாரின் மத்தளமும் சல்லரியும் தொடங்கினால் விடியும்வரை களரியே நடுவம். சுற்றிலும் கச்சான் விற்பவர், தூங்கும் குழந்தைகள், மறைவில் ஒரு மிடறு அடித்துவிட்டு வரும் இளைஞர் என்று எல்லாம் இருக்கும். ஆயினும் மத்தளக்காரர் யாருக்கும் பின்னணியாகிவிட மாட்டார். அவர் தவறினால் ஊர் முழுவதும் திரும்பிப் பார்க்கும்.

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், பழந்தமிழரின் யாழை ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். வாவிக்கரையில் பிறந்த ஒருவர், மறைந்துபோன ஓர் இசைக்கருவிக்காகத் தம் வாழ்வின் பல ஆண்டுகளைச் செலவிட்டார் என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். மறையாமல் கண்முன் இருக்கும் இன்னோர் இசையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. இனி அதற்கு வருகிறேன்.

பறங்கியர் வீட்டு மாலை

போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டியது 1628இல். பத்தாண்டுகளில், 1638இல், அது ஒல்லாந்தர் கைக்குப் போய்விட்டது. 1658இல் இலங்கையிலிருந்தே போர்த்துக்கேயர் வெளியேறினர். ஆனால் அவர்களது மொழி போகவில்லை. ஒல்லாந்தர் வீடுகளிலும் அதுவே புழங்கியது. தமிழோடு கூடி வாழ்ந்து, வினைச்சொல்லை வாக்கியத்தின் இறுதியில் வைக்கும் தமிழின் வழக்கத்தையும் ஏற்றுக்கொண்டு, ஒரு தனிக் கிரியோல் மொழியாக மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் வீடுகளில் இன்றும் முதியவர்களிடம் அது உயிர்வாழ்கிறது. வாகரை வழியே செல்லும் சாலை இவ்விரு நகரங்களின் பறங்கியர் குடும்பங்களை இணைக்கும் சாலையும் ஆகும்.

இவர்களிற் பலர் தச்சரும் கொல்லரும் இயந்திரம் திருத்துவோருமான கைவினைஞர். கத்தோலிக்கர். இவர்களது திருமண வீட்டின் உயிர்நாடி 'கபிரிஞ்ஞா' என்னும் ஆட்டம். ஆபிரிக்காவிலிருந்து போர்த்துக்கேயர் கொண்டுவந்த காபிரியரின் பெயரும், சிறுமையைக் குறிக்கும் போர்த்துக்கேய விகுதியும் சேர்ந்து அப்பெயர் உண்டாயிற்று. எண்ணினால் ஆறு வரும் துள்ளல் தாளம். வயலின், கிற்றார், தட்டுவதற்கு ஒரு தோல்வாத்தியம், இவ்வளவே போதும். வாசிப்பவர்கள் கூலிக்கு வந்தவர்களாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. மாமா வயலினை எடுப்பார், மச்சான் தாளம் போடுவார், பாட்டி பாட்டு எடுத்துக் கொடுப்பார்.

பாட்டும் ஒருவரோடு நிற்பதில்லை. ஒருவர் ஒரு நாலடியைப் பாட, மற்றவர் மறுமொழியாக இன்னொன்றைப் பாடுவார். காதல், கேலி, சவால் எல்லாம் அதில் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேற்ற அரசின் அதிகாரியாக இருந்த ஹியூ நெவில் இத்தகைய பாட்டுக்களின் கையெழுத்துத் தொகுப்பொன்றைச் சேர்த்து வைத்தார். இன்று அது பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் ஜக்சன் மட்டக்களப்பில் களப்பணி செய்து 1990இல் வெளியிட்ட நூலின் தலைப்பைத் தமிழில் 'நாணாமல் பாடு' எனலாம். ஒரு விருந்தின் முழுத் தத்துவமும் அந்தத் தலைப்புக்குள் அடங்கிவிடுகிறது. வந்தவர் எவரும் வெறுமனே அமர்ந்திருக்கக் கூடாது.

இன்னொரு கரையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. புத்தளத்துக்கு அருகே சிரம்பையடியில் வாழும் காபிரிய வழித்தோன்றல்கள் 'மஞ்ஞா' என்னும் தம் பாடலுக்கு மேளத்தோடு சிரட்டையையும் கரண்டியையும் கண்ணாடிப் போத்தலையும் தாளக் கருவிகளாகக் கொள்கின்றனர். போத்தலைக் கரண்டியால் தட்டினால் தாளம். குடித்து முடித்த போத்தல் குப்பைக்குப் போகாமல் கச்சேரியில் சேர்ந்துகொள்கிறது. விருந்தும் இசையும் இதைவிட நெருங்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

பெட்டி வந்தது

செலிக்மன் தம்பதியர் 1907, 1908 ஆண்டுகளில் இலங்கைக்கு வந்தபோது ஒலிப்பதிவுக் கருவியொன்றையும் கொண்டுவந்தனர். வேடர் பாடல்களை அதிற் பதிந்தனர். சார்ல்ஸ் மயர்ஸ் என்ற அறிஞர் அவற்றைக் கேட்டு ஆராய்ந்து, அந்த நூலிலேயே இசை பற்றிய அத்தியாயத்தை எழுதினார். பாடியவர் காட்டில் இருக்க, பாட்டு மட்டும் கப்பலேறிச் சென்றது. இலங்கையின் இசையில் பாடுபவரும் பாட்டும் பிரிந்த தொடக்க நாட்களில் அதுவும் ஒன்று.

உலகெங்கும் அதே பிரிவு நிகழ்ந்துகொண்டிருந்தது. பிரான்சில் எரிக் சத்தி என்ற இசையமைப்பாளர் 1917இல் 'தளபாட இசை' என்று ஒரு கருத்தை முன்வைத்தார். நாற்காலியைப் போலவும் திரைச்சீலையைப் போலவும் இசையும் அறையில் கிடக்கவேண்டும். அதை எவரும் கவனிக்கக் கூடாது என்றார். 1920இல் பாரிஸில் அதை நிகழ்த்திக் காட்டியபோது, இடைவேளையில் இசை தொடங்கியதும் மக்கள் பேச்சை நிறுத்தி அமைதியாகக் கேட்கத் தொடங்கினர். "பேசுங்கள், நடமாடுங்கள், கேட்காதீர்கள்" என்று சத்தி அவர்களிடம் மன்றாடவேண்டியதாயிற்று. வாசிப்பவர் எதிரே இருக்கும்போது, கேளாதிருக்க மனிதருக்குக் கூச்சம் இருந்தது.

கூச்சத்தைப் போக்கியது கம்பி. அமெரிக்கப் படைத்துறைப் பொறியியலாளர் ஜோர்ஜ் ஸ்குவையர், கம்பி வழியாகக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் இசையை அனுப்பும் தொழிலைத் தொடங்கி, 1934இல் அதற்கு 'மியூசாக்' என்று பெயரிட்டார். எவரும் கேளாத இசைக்கு மாதக் கட்டணம் வந்தது.

நம் பக்கத்துக்கு அந்த வேலையைச் செய்தது வானொலி. கொழும்பில் 1925இல் தொடங்கிய ஒலிபரப்பு, போர்க்காலத்து இராணுவ நிலையத்தின் வலுவான ஒலிபரப்பிகளைப் பெற்று, 1949இல் 'ரேடியோ சிலோன்' ஆயிற்று. அடுத்த ஆண்டு வர்த்தக சேவை தொடங்கியது. எஸ். பி. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளர்களின் குரல் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் வீட்டுக் குரலானது. 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குக் கதவடைத்தபோது, கொழும்பின் அலைவரிசைக்கு இந்தியாவே திரும்பியது. காலையில் 'பொங்கும் பூம்புனல்', இரவில் 'இரவின் மடியில்' என்று நாளின் பொழுதுகளுக்கே இசை குறித்து வைக்கப்பட்டது. திண்ணையில் சாராயப் போத்தலோடு அமர்ந்தவர்களுக்கும் அதே பெட்டிதான் பாடியது. விருந்துக்காரர் பாட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை, நிலையம் தேர்ந்தெடுத்தது.

தேர்வு வீட்டுக்காரர் கைக்கு வந்தது ஒலிநாடாவோடு. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும், வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது கசெற் றேடியோவைக் கையிற் பிடித்துக்கொண்டு வந்ததும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. "என்ன போடலாம்?" என்ற கேள்வி நம் வீடுகளில் உண்மையாக எழுந்தது அப்போதுதான்.

கள்ளுக்கடைக்குப் போகாதே என்று பாடிய மேசை

அதற்குச் சற்று முன்னரே ஈழத்துத் தமிழில் ஒரு புதுமை நிகழ்ந்திருந்தது. கபிரிஞ்ஞாவின் தாளத்தை 1940களில் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்து பைலாவை நாடு முழுவதும் பரப்பியவர் பொலிஸ்காரரான வொலி பஸ்ரியன். அதே துள்ளல் 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் தமிழுக்குள் 'பொப்' என்ற பெயரில் நுழைந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' ஆகிய பாடல்களையும், ஏ. ஈ. மனோகரனின் பாடல்களையும் அறியாத ஈழத்தமிழ் வீடு அரிது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கள்ளுக்கடைக்குப் போகாதே என்று புத்தி சொல்லும் பாட்டை, கள்ளும் சாராயமும் இருந்த மேசைகளில்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். பொலிவுக்காகச் சொல்லவில்லை. இரண்டாவது கிண்ணம் முடிந்ததும் யாராவது ஒருவர் மேசையைத் தட்டத் தொடங்குவார். சுற்றி இருப்பவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அந்த நேரத்தில் ஒலிநாடா ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிடுவார்கள். பறங்கியர் வீட்டு வழக்கம், பெயர் தெரியாமல், தமிழர் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

மனோகரனின் குரலில் பரவிய 'சுராங்கனி' சிங்களமும் தமிழும் கலந்த பாட்டு. மீன் கொண்டுவந்த செய்தியைச் சொல்வது. 1977இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவின் இசையில் மலேசியா வாசுதேவன் பாட, தமிழகம் முழுவதும் பரவியது. மனோகரன் 2018 யனவரியில் சென்னையில் காலமானார். இன்று ரொறன்ரோவிலோ சிட்னியிலோ ஒரு தமிழர் விருந்தில் அந்தத் தாளம் கேட்டதும் எழுந்து ஆடாதவர் குறைவு. அந்தத் தாளத்தைக் கொண்டுவந்தவர்கள் ஆபிரிக்க அடிமைகளும் போர்த்துக்கேயப் படைவீரரும் அவர்கள் வழிவந்த கைவினைஞரும் என்பதை அறிந்தவர் அதைவிடக் குறைவு.

சமையலறைக்குக் கேட்ட பாட்டு

வரலாறு எழுதும்போது ஒருபுறத்தை மட்டும் எழுதிவிட்டுப் போகக்கூடாது. தமிழர் வீட்டு மது விருந்து பெரும்பாலும் ஆண்களின் விருந்தாகவே இருந்துவந்தது. விறாந்தையில் கிண்ணங்கள், சமையலறையில் 'பைற்ஸ்' என்று நாம் சொல்லும் பொரித்த மீன், இறால் வடை, அவித்த கடலை. அங்கே நின்ற பெண்களுக்குப் பாட்டின் பாதிதான் கேட்டது. மீதி பாதி, விறாந்தையில் பேசப்படுவது உள்ளே கேளாதபடி உயர்த்திவைத்த ஒலி. பின்னணி இசைக்கு இப்படியும் ஒரு பயன் இருந்தது என்பதை ஒளிப்பதில் பொருளில்லை. குடித்த ஆண் ஒலியைக் கூட்டக் கூட்ட, அடுத்த வீட்டார் கதவைச் சாத்திக்கொள்ளும் ஒழுங்கைகளையும் கிழக்கின் பல ஊர்களில் நான் கண்டிருக்கிறேன். சாராயத்தால் நொந்த குடும்பங்கள் இந்தக் கரையில் கொஞ்சமல்ல.

பறங்கியர் வீட்டில் நிலைமை வேறு. ஆட்டம் சோடியாக ஆடுவது. பாட்டுக்கு மறுமொழி சொல்வது பெண்ணாகவும் இருக்கலாம். பெண் கூடத்துக்கு வராவிட்டால் கபிரிஞ்ஞாவே இல்லை. ஒரு வீட்டில் இசை முன்னணியில் இருந்ததா பின்னணியில் இருந்ததா என்பதை அறிய எனக்கு ஓர் அளவுகோல் உண்டு: அந்த வீட்டுப் பெண்கள் எங்கே இருந்தார்கள் என்று பார்ப்பேன்.

ஒலி அடங்கிய ஆண்டுகள்

போர் ஆண்டுகளில் கிழக்கின் மாலைகளுக்கு இசை இருக்கவில்லை. விளக்கணைத்து, எந்தத் திசையிலிருந்து என்ன ஒலி வருகிறது என்று செவியைத் தீட்டிக்கொண்டிருந்த மாலைகள் அவை. கேளாதிருப்பது உயிருக்கு ஆபத்து. பின்னணி இசை என்பது அமைதிக் காலத்தின் ஆடம்பரம் என்பதை அந்த ஆண்டுகள் எங்களுக்குக் கற்றுத் தந்தன.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வாகரையையும் வாவியின் முகத்துவாரத்தை ஒட்டிய டச்பாரையும் அடித்துச் சென்றது. டச்பார் பறங்கியரின் குடியிருப்பு. உயிர் தப்பிய குடும்பங்கள் பல, உள்நிலத்தில் திராய்மடுவில் கட்டப்பட்ட வீடுகளுக்குப் போயின. நெருக்கமாக வாழ்ந்து, ஒரு வீட்டில் வயலின் கேட்டால் மறுவீட்டார் எழுந்து வந்த வாழ்க்கை சிதறியது. ஏற்கெனவே பல குடும்பங்கள் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டிருந்தன.

வாகரைக்குத் துயரம் அத்தோடு முடியவில்லை. 2006 நவம்பர் 8ஆம் நாள் கதிரவெளியில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலை எறிகணைக்கு இலக்காகிப் பொதுமக்கள் பலர் மாண்டனர். ஆயிரக்கணக்கானோர் காட்டு வழியாகவும் களப்பு வழியாகவும் தெற்கே நடந்தனர். 2007 யனவரி 19ஆம் நாள் இராணுவம் வாகரைக்குள் நுழைந்தது. இன்று கொக்ரெயில் கிண்ணத்தோடு நின்று அழகு பார்க்கும் அதே கடற்கரை அது. அங்கே மாலை விருந்து வைக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சிரிப்பொலி கேட்காத ஊர் ஊராகாது. ஆனால் பக்கத்து வேலிக்கு அப்பால் இருப்பவர் எதைக் கேட்டு வளர்ந்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஒலியைக் கூட்டவேண்டும்.

அப்படியானால் என்ன போடுவது?

கேட்டவருக்கு நேரடியாகவே மறுமொழி சொல்லிவிடுகிறேன்.

தமிழ்த் திரைப்பாடல் தமிழர் விருந்தில் பின்னணியாக நிற்காது. நமக்கு வரிகள் தெரியும். பாட்டு தொடங்கியதும் "இது எந்தப் படம்?" என்பார் ஒருவர். "சௌந்தரராஜனா, சீர்காழியா?" என்பார் இன்னொருவர். பேச்சு அங்கேயே நின்றுவிடும். பாடல்களைப் பற்றியே பேச விரும்பும் கூட்டமாயின் தாராளமாகப் போடலாம். வேறு பேச்சு வேண்டுமானால் ஆகாது.

வாத்திய இசை போடலாமே என்பார்கள். குன்னக்குடியின் வயலினும், மாண்டலின் சீனிவாஸும், கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனும் உணவகங்களிலும் திருமண மண்டபங்களிலும் பல்லாண்டுகளாக இந்தப் பணியைச் செய்து வருகின்றன. ஆனால் அவர்கள் வாசிப்பவற்றில் பெரும்பகுதி கீர்த்தனைகள். சொல் கேட்கவில்லையே என்பதற்காகத் தியாகராஜரின் வேண்டுதலைச் சாராயக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைக்கலாமா? எனக்கு மனம் ஒப்புவதில்லை. திரையிசையை வாத்தியத்தில் வாசித்தவை உண்டு, அவை பொருந்தும்.

மொழி தெரியாத நாட்டின் மெல்லிசை பேச்சைக் கெடுக்காது. மேலைநாட்டு விருந்துகளுக்கான ஜாஸ் தொகுப்புகள் அதற்கென்றே தயாரானவை. விருந்தாளிகள் வரத் தொடங்கும் முதல் மணி நேரம், ஒருவரையொருவர் அறியாதவர்களின் மௌனத்தை நிரப்ப அது போதும். ஒலியை, இரண்டு முழத் தூரத்தில் நிற்பவர் குரலை உயர்த்தாமல் பேசக்கூடிய அளவுக்கு வையுங்கள்.

பின்னர் பெட்டியை நிறுத்திவிடுங்கள். வாகரையில் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் 1848 செப்ரெம்பரில் மட்டக்களப்புக்கு வந்து, இரவில் தோணியேறிச் சென்று வாவியின் நாதத்தைக் கேட்டார். நீருக்கடியிலிருந்து எழுந்த அவ்வொலி, மதுக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தடவும்போது எழும் அதிர்வைப் போல இருந்தது என்று பின்னர் எழுதினார். ஒலிக்குக் காரணம் ஊரி என்று மீனவர்கள் அவரிடம் சொன்னார்கள். ஊரார் மீன் என்றார்கள். நாடு 'மீன்பாடும் தேன்நாடு' ஆயிற்று. நூறாண்டுகளுக்குப் பின், ஜாஸ் பிறந்த நியூ ஓர்லியன்ஸிலிருந்து மட்டக்களப்புக்கு வந்த இயேசு சபையினருள் ஒருவரான லாங் அடிகளார் அவ்வொலியை ஒலிநாடாவிற் பதிந்தார். துடுப்பை நீரில் இறக்கிக் காதோடு சேர்த்து, எல்லோரும் பேச்சை நிறுத்தினால்தான் அது கேட்கும் என்பார்கள் மீனவர்கள்.

கடைசியாக ஒன்று. லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் ஹியூகோ கார்டோசோவும் அவரது குழுவினரும் கடந்த பத்தாண்டுகளில் மட்டக்களப்புப் பறங்கியரின் பேச்சையும் பாட்டையும் ஆட்டத்தையும் ஒளிப்பதிவு செய்து ஆவணக் காப்பகத்தில் சேர்த்திருக்கிறார்கள். மதிப்புக்குரிய பணி. ஆயினும் காப்பகத்தில் சேர்வதால் ஒரு தாளம் உயிரோடு இருப்பதாகாது. ஆடுவதற்கு ஒரு கூடமும், வாசிப்பவருக்கு ஒரு வருமானமும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர், ஒரு மாலை விருந்தின் மதுவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, மட்டக்களப்பிலிருந்து ஒரு வயலின்காரரையும் ஒரு கிற்றார்காரரையும் வாகரைக்கு அழைக்கலாம். வாகனம் அனுப்புங்கள். வந்ததும் முதலில் அவர்களுக்குச் சாப்பாடு கொடுங்கள். கூடத்தின் நடுவில் நாற்காலி போடுங்கள். சமையலறையில் நிற்பவர்களையும் கூடத்துக்கு அழையுங்கள். என்ன வாசிக்கவேண்டும் என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.